இருபத்தேழாம் நாள்

மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவேன் என்று நர்சு சொல்லிவிட்டுப் போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது. இசக்கியம்மாள் ஒரு லிட்டர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு இரண்டாவதில் பாதிக்கு வந்திருந்தாள். தண்ணீர் நெஞ்சுவரை நிற்கிறது. இறங்க வேண்டிய இடத்துக்கு இறங்கமாட்டேன் என்கிறது. பாளையங்கோட்டையில் அந்த ஸ்கேன் சென்டரின் கூடத்தில் பதினான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் மடியிலும் ஒரு ஃபைல், எல்லார் கையிலும் ஒரு பாட்டில். எதிர்வரிசையில் ஒருத்தி முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள், தாங்க முடியவில்லை போல. அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. சுவரில், பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று கேட்பதும் குற்றம் சொல்வதும் குற்றம் என்று பெரிய எழுத்தில் பலகை. அதை யார் கேட்கப்போகிறார்கள். ஆணாக இருக்கட்டும், பெண்ணாக இருக்கட்டும், இசக்கிக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். தலை இருக்கிறதா? போன தடவை அப்படி ஒரு கேள்வி உண்டு என்றே அவளுக்குத் தெரியாது. ஐந்தாம் மாதம், சங்கரன்கோவிலில் வேறோர் இடத்தில், டாக்டரின் கை வயிற்றின்மேல் ஊர்ந்துகொண்டே இருந்தது, ஓரிடத்தில் நின்றது, மறுபடி ஊர்ந்தது, மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றது. அந்தக் கை நின்ற நேரம் ஒரு நிமிஷம்கூட இராது. ஒன்றரை வருஷமாக இசக்கி அந்த ஒரு நிமிஷத்துக்குள்தான் குடியிருக்கிறாள். மண்டை ஓடு உருவாகவில்லை என்றார்கள். கரு உண்டான கொஞ்ச நாளிலேயே தலையும் முதுகும் மூடிக்கொள்ள வேண்டும், இதில் மேல்பக்கம் மூடாமலே போய்விட்டது, பிறந்தாலும் தங்காது என்றார்கள். தங்காது. மாசம் தங்கியிருக்கா என்று கேட்கிறதும் அந்தச் சொல்தான். தங்கியது, தங்காது. இசக்கி இன்னொரு வாய் தண்ணீர் குடித்தாள்.

ஜூலை பத்து. அதில் சந்தேகமில்லை, தலைக்குக் குளித்த கணக்கு அவளுக்கு என்றைக்கும் பிசகியதில்லை. பத்தோடு பதினாலு நாளைக் கூட்டினால் இருபத்துநாலு, அன்றைக்குத்தான் கரு உண்டாகியிருக்கும் என்று வைத்துக்கொள். ஆடி பிறந்து ஒரு வாரம். ஆடியில் தங்கினால் சித்திரையில் பிறக்குமே என்று மாமியாருக்கு அது ஒரு முணுமுணுப்பு. இருக்கட்டும். இருபத்துநாலிலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் இருபது, இருபத்தேழாம் நாள். இருபத்தெட்டு நாளுக்குள் மூடவேண்டியதெல்லாம் மூடிவிடும் என்று டாக்டர் சொன்னார். அப்படியென்றால் இருபத்தேழாம் நாள் என்பது உள்ளேயா வெளியேயா? ஒருவேளை ஒரு நாள் முந்தி, இருபத்துமூன்றிலேயே உண்டாகியிருந்தால் அது இருபத்தெட்டாம் நாள், அப்போது எல்லாம் முடிந்திருக்கும். ஒரு நாள் பிந்தி இருந்தால் இருபத்தாறு. இருபத்தாறு மோசம். அந்த ஆகஸ்ட் இருபது, ஆவணியின் முதல் ஞாயிறு, புருஷன் கொம்பையாவின் அக்கா மகளுக்குக் கடையநல்லூரில் சடங்கு. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவதாகத்தான் பேச்சு. மலைப்பக்கத்து மழை பிடித்துக்கொண்டது. மதினி விடவில்லை, கொம்பையாவும் இந்த மழையில் வண்டியை எடுக்க மாட்டேன் என்றுவிட்டான். மாத்திரை அட்டையோ வீட்டில் அரிசி டப்பாவின் மேல். ஏப்ரலிலிருந்து ஒரு ராத்திரி விடாமல், வயிற்றில் ஒன்றுமில்லாதபோதே, இனி வரப்போகிறதற்காகப் போட்டுவந்த மாத்திரை. மறுநாள் விடிந்து வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் இரண்டாகப் போட்டு விழுங்கினாள். மறந்துட்டா மறுநாள் ரெண்டா சேத்துப் போடாதீங்க என்று கடையில் ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குச் சொல்கிற அதே வாய். மொத்தம் பன்னிரண்டு மணி நேரம் தாமதம். பன்னிரண்டு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. நாலு மாசம் போட்டது உடம்பில் ஊறியிருக்கும். ஊறியிருக்குமா? ஜூலை பத்து, அதோடு பதினாலு.

கடை என்றால் மெடிக்கல். சங்கரன்கோவில் தேரடிக்குப் பக்கத்தில் அண்ணாச்சியின் மெடிக்கலில் ஏழு வருஷமாக அவள் நிற்கிறாள். டாக்டரின் கிறுக்கலைப் பார்த்த மாத்திரத்தில் கை தானாக எந்த டப்பாவுக்குப் போகவேண்டுமோ அங்கே போகும். கர்ப்பிணிகளை அவளிடம்தான் தள்ளிவிடுவார் அண்ணாச்சி. இரும்புச்சத்து மாத்திரை போட்டா வெளிக்குக் கறுப்பாப் போகும் பயப்படாதீங்க. பிள்ள கறுப்பாப் பொறக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அதை டீ காப்பியோட விழுங்காதீங்க. கால்சியத்தையும் அதையும் ஒரே நேரம் போடாதீங்க, ஒண்ணு காலையில ஒண்ணு ராத்திரி. இந்த மஞ்சள் மாத்திரை இருக்கே, மிளகளவு, ஃபோலிக் ஆசிட், இதுதான் பிள்ளையோட தலைக்கும் முதுகுக்கும். எத்தனை பேருக்குக் கத்தரித்துக் கொடுத்திருப்பாள்! கையிலிருந்து கைக்குப் போனதே தவிர ஒன்றுகூட அவள் வாய்க்குப் போகவில்லை. எல்லாரும் நாள் தள்ளிப்போன பிறகுதான் வாங்க வருவார்கள். கல்யாணத்துக்கு முந்தி பட்டுச்சேலை எடுப்பார்கள், பீரோ வாங்குவார்கள். மாத்திரை வாங்க வந்த ஒருத்தியை அவள் பார்த்ததில்லை. அவளும் அப்படித்தான். நாள் தள்ளி, அதை உடம்புச் சூடு என்று நினைத்து, இளநீர் குடித்து, இன்னொரு நாள் தள்ளி, ஒன்பதாவது வாரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷத்தில் டப்பாவைத் திறந்து ஒரு அட்டையைத் தனக்கென்று எடுத்தாள். மூடவேண்டியது மூடாமல் போய் ஏறக்குறைய மூன்று வாரம் ஆகியிருந்தது. இருந்தும் ஒவ்வொரு ராத்திரியும் ஆசை ஆசையாகப் போட்டாள். அதை நினைக்கிறபோதுதான் பொறுக்கவில்லை, அந்த ஆசையை. பிறகு, எல்லாம் முடிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, இருபது நாள் கழித்துக் கடைக்குத் திரும்பியபோது மஞ்சள் மாத்திரை டப்பா அதன் இடத்தில் இல்லை. அண்ணாச்சி தன் நாற்காலிக்குப் பக்கத்துத் தட்டுக்கு மாற்றிவைத்திருந்தார். யாராவது அதைக் கேட்டால் அவரே எழுந்து எடுத்துக் கொடுத்தார்.

ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கிரகணத்தன்று வெளியே போனாய் என்றாள் மாமியார்; திட்டவில்லை, தன் தலையிலேயே அடித்துக்கொண்டு சொன்னாள், தடுக்காமல் விட்டுவிட்டேனே என்று. பெற்றவளோ, மகளுக்குப் பேராக வைத்த இசக்கியம்மன் கோயிலுக்குப் பொங்கல் வைக்கிறதாக நேர்ந்ததைத் தள்ளிப்போட்டதுதான் என்று அழுதாள். இசக்கிக்கு மாத்திரை. பாளையங்கோட்டை டாக்டரம்மா மட்டும் காரணமே தரவில்லை. “மாத்திரை போடாத லட்சம் பேருக்கு நல்ல பிள்ளை பிறக்குதும்மா. போட்டும் ஒண்ணு ரெண்டு பேருக்கு இப்படி ஆகுது. மாத்திரை ஆபத்தைக் குறைக்கும், இல்லாமப் பண்ணாது. அடுத்த தடவைக்கு மூணு மாசம் முந்தியே ஆரம்பி, உனக்குக் கூடுதல் அளவு எழுதித் தாரேன். ஆனா போனது யார் தப்பும் இல்லை, அதைத் தூக்கிச் சுமக்காதே” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் படியிறங்கும்போது இசக்கிக்குப் பயம்தான் கூடியது. தப்பு தன்னுடையது என்றால் திருத்திக்கொள்ளலாம். அட்டை வாங்கி வைத்துத் தேதி பார்த்துப் போடலாம். யார் தப்பும் இல்லையென்றால் எதைத் திருத்துவது? எதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை வயிற்றில் வாங்குவது? அதனால் அவள் தப்பை விடவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டமாதிரி வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை தப்பே இல்லாமல் செய்துவிட்டால் தப்பாகாது என்று அவளுக்கும் அதற்கும் ஓர் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில்தான் ஆகஸ்ட் இருபது ஓட்டை போட்டுவிட்டது.

“அக்கா, இங்கன யாராவது இருக்காங்களா?”

பக்கத்து நாற்காலியைக் காட்டிக் கேட்டது ஒரு சின்னப் பெண். இருபது வயது இருக்கலாம், கறுப்புத் துணிக்குள் முகம் மட்டும் வெளுத்துப்போய்த் தெரிந்தது. பேர் நஸ்ரின், ஊர் மேலப்பாளையம், கல்யாணமாகி நாலு மாசம், முதல் ஸ்கேன், மாமி தண்ணீர் வாங்கப் போயிருக்கிறாள் என்பதையெல்லாம் உட்கார்ந்த வேகத்தில் சொல்லிவிட்டாள். பயத்தில் சிலபேருக்கு வாய் ஓடும். இசக்கிக்கு அடைத்துக்கொள்ளும்.

“எனக்கு ஒரே வாந்திக்கா. மாத்திரை போட்டா இன்னும் ஜாஸ்தியாவுது. பத்து நாளா நிறுத்திட்டேன். மாத்திரை திங்கத் திங்கப் பிள்ள பெருத்துப் போவும், அறுத்துத்தான் எடுக்கணும்னு மாமியும் சொல்லுதாங்க.”

“என்ன மாத்திரை?”

நஸ்ரின் பையைத் திறந்து அட்டையை எடுத்தாள். மஞ்சள். நாலு குழி காலி, மிச்சமெல்லாம் அப்படியே. எத்தனை வாரம் என்று கேட்க இசக்கிக்கு நாக்கு புரளவில்லை. ஆறா, ஏழா? ஏழாக இருந்தால் மூடியிருக்கும், ஆனது ஆகியிருக்கும், இப்போது பயமுறுத்தி என்ன ஆகப்போகிறது. கவுண்டருக்குப் பின்னால் நிற்கும்போது எவ்வளவு சுலபமாக வருகிறது பேச்சு! இங்கே நடுவில் கண்ணாடிப்பெட்டி இல்லை. “வாந்தி மாத்திரையால இல்லம்மா, மாசத்தால வருது. இது ரொம்பச் சின்ன மாத்திரை, இதால பிள்ள பெருக்காது. சோறு தின்னுட்டுப் படுக்கப்போகும்போது போடு. நிறுத்தாத” என்றாள். குரல் தன்னுடையது போலவே இல்லை. அந்தப் பெண் தலையாட்டினாள். பெரியவர்கள் சொன்னால் தலையாட்டிப் பழகிய ஆட்டம், அதை நம்பமுடியாது. “இன்னைக்கே போடு, என்ன?” என்று இசக்கி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“போடுதேன்க்கா.” நஸ்ரின் கொஞ்சம் மிரண்டு பார்த்தாள். பிறகு, “உங்களுக்கு இது முத பிள்ளையா?”

வரும்போதெல்லாம் ஃபாரத்தில் கேட்பார்கள். எத்தனையாவது கர்ப்பம்: இரண்டு. உயிரோடு உள்ள குழந்தைகள்: கோடு. அந்தக் கோட்டை நர்சுதான் போடுவாள், இசக்கி வேறெங்கேயாவது பார்த்துக்கொள்வாள்.

“ரெண்டாவது.”

“மூத்தது என்ன பிள்ள?”

“பொம்பளப் பிள்ள.”

“வீட்ல விட்டுட்டு வந்தீங்களாக்கா?”

“இல்ல. தவறிட்டா.”

சொன்னபிறகுதான் காதில் விழுந்தது. இத்தனை நாளும் அது ‘கலைந்து போச்சு’தான், ‘எடுத்தாச்சு’தான், வீட்டில் அந்தப் பேச்சே ‘அந்த சமயம்’ என்றுதான் நடக்கும். தவறிட்டா என்று ஓர் ஆளைச் சொல்கிறமாதிரி இதுவரை சொன்னதில்லை. தவறிப்போனாள். மாத்திரை தவறிவிட்டது. தப்பு, தவறு. கை தவறிக் கீழே விழுந்துவிட்டது என்கிறோம், அது யார் செய்தது, கையா? இறந்துபோனவர்களைத் தவறிவிட்டார் என்று சொல்ல யாருக்குத் தோன்றியிருக்கும், அவர்கள்மேல் என்ன தப்பு. நஸ்ரின் எப்படி என்று கேட்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. இசக்கி பிடித்திருந்த மணிக்கட்டை விடுவித்து, அந்தக் கையை எடுத்து இசக்கியின் கைமேல் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். ஈரமான சின்னக் கை. மாமி தண்ணீர் பாட்டிலோடு வரும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எப்போது என்று தெரியாமல் தண்ணீர் இறங்கி இசக்கிக்கு அடிவயிறு கல்லாகிக் கனத்திருந்தது.

“இசக்கியம்மாள்!” என்று நர்சு கூப்பிட்டபோது எழுந்திருக்கவே பயமாக இருந்தது, எங்கே நடந்தால் சிந்திவிடுமோ என்று. உள்ளே ஏசி குளிர். கட்டிலில் படுத்துச் சேலையைத் தளர்த்தினாள். வயிற்றில் பசைமாதிரி ஒன்றைத் தடவினார்கள், அது அதைவிடக் குளிர். புது டாக்டர், இளவயது, மூக்கில் ஒற்றைக்கல். ஃபைலைப் புரட்டினார், ஒரு பக்கத்தில் நின்றார், இசக்கியின் முகத்தைப் பார்த்தார். கருவி வயிற்றில் பதிந்தது. மூத்திரப்பைமேல் அழுத்தி அழுத்தி நகர்ந்தது. திரை டாக்டர் பக்கம் திரும்பியிருந்தது. இசக்கிக்குத் தெரிந்ததெல்லாம் டாக்டரின் கண்ணாடியில் மினுங்கும் ஒரு சாம்பல் வெளிச்சம். கை ஊர்ந்தது. நிற்காதே. கை இடதுபக்கம் போனது. நிற்காதே, போய்க்கொண்டே இரு. கை நின்றது. டிக் என்று ஒரு சத்தம், பொத்தானை அமுக்குகிறார். மறுபடி டிக். நிற்கிறதே, அதே மாதிரி நிற்கிறதே, ஜூலை பத்து, பத்தோடு பதினாலு, மழையில் என்ன, நடந்தாவது வந்திருக்கலாமே, இருட்டில் நனைந்துகொண்டாவது பஸ் பிடித்து வந்திருக்கலாமே, மதினி விடவில்லை என்றால் வராமல் இருந்துவிடுவதா, நீயெல்லாம் பெற்றவளா. டிக். போன தடவை டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துபோனார், உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க என்றார். இவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கப் போகிறாரா, கால் அசைகிறதே. “டாக்டர்” என்றாள். “டாக்டர், தலை இருக்கா?”

டாக்டர் கையை எட்டித் திரையைப் பிடித்து அவள் பக்கம் திருப்பினார். “பாருங்க. இந்தா, வெள்ளையா வட்டமாத் தெரியுதுல்லா? இதுதான் மண்டை ஓடு. முழுசா மூடியிருக்கு. இது நெஞ்சு, துடிக்குது பாருங்க. இது கை.” அந்தக் கை தலைப்பக்கமாகத் தூக்கிக்கொண்டு போனது, வெயிலுக்கு மறைக்கிறமாதிரி. இசக்கி அழுவாள் என்று நர்சு துணியை எடுத்துக்கொண்டு தயாராக நின்றாள். அழுகை வரவில்லை. இது சந்தோஷம்தானா என்றுகூடத் தெரியவில்லை. மூளை வேறெங்கோ போய்விட்டது: அப்படியானால் ஆகஸ்ட் இருபதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்படியானால் ஒரு ராத்திரி தவறினாலும் மூடுகிறது மூடத்தான் செய்யும். அப்படியானால் முன்னதற்கும்… அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நடுங்கி நின்றது. “அஞ்சாம் மாசம் வாங்க, அப்ப முதுகெலும்பை வரிசையாப் பாக்கணும். மாத்திரையை எழுதினபடி போடுங்க” என்றார் டாக்டர். சரி, முதுகு. பயம் செத்துவிடவில்லை, தலையிலிருந்து முதுகுக்கு ஒரு படி இறங்கியிருக்கிறது. இருக்கட்டும். அதற்கு இரண்டு மாசம் இருக்கிறது. அவள் பாத்ரூமைப் பார்த்து ஓடினாள்.

ஆம்பிளைகளைக் கூடத்துக்குள் விடுவதில்லை. கொம்பையா எதிரே வாகைமரத்தடியில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். சரக்கு ஏற்றுகிற சின்ன வண்டி, ஊரெல்லாம் குட்டியானை என்று சொல்வார்களே, அது. இவளைப் பார்த்ததும் முன்னால் வரவில்லை. ஒரு கையை வண்டிக் கதவில் ஊன்றிக்கொண்டான்.

“தலை இருக்கு” என்றாள் இசக்கி.

“என்னது?”

“தலை இருக்குங்க. முழுசா மூடியிருக்கு. எனக்குத் திருப்பிக் காட்டுனாங்க.”

அவன் அப்படியே வண்டிப் படியில் உட்கார்ந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டான். கல்யாணமாகி இந்த ஐந்து வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. போன தடவைகூட ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ வாங்கிவந்து கொடுத்தான். துண்டுக்குள்ளிருந்தே பேசினான். “இந்தத் தடவ ஒரு நடைகூட ஏத்தலட்டீ.”

“எதை?”

“பூச்சிமருந்து. அப்பம் கழுகுமலைப் பக்கம் பருத்திக்கு மருந்து ஏத்திட்டுப் போவேம்லா. டின்னு ஒழுகி ஒழுகிச் சட்டையெல்லாம் நாறும். அந்தச் சட்டையோடதான வீட்டுக்கு வந்தேன். நீதான அதைத் தொவைச்ச. நாந்தான்ட்டீ பண்ணிட்டேன்.”

இசக்கிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்து, கோபம்தான் வந்தது. ஒன்றரை வருஷம் ஒரே பாயில் பக்கத்தில் படுத்துக்கொண்டு இவனும் ஒன்றைச் சுமந்திருக்கிறானே, இவ்வளவு பெரிய ஆள், ஒரு வார்த்தை விடாமல்.

“அதுக்கும் இதுக்கும் என்ன? நான் மாத்திரை போடல. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் ஆரம்பிச்சேன். அதான்.”

“மாத்திரையா? எங்க அம்மா என்ன மாத்திரை போட்டா? அஞ்சு பெத்தாள்லா? மாத்திரை இல்ல. அது நாந்தான்.”

“மெடிக்கல்ல நிக்கது நீங்களா நானா? எனக்குத் தெரியாதா? நாந்தான்னு சொல்லுதேன்லா!”

“நீ ஒண்ணும் பண்ணல, நாந்தான்!”

வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் நிறுத்தினார்கள். பிள்ளை யார் ஜாடை, உன் ஜாடையா என் ஜாடையா என்று பெற்றவர்கள் அடித்துக்கொள்வார்களே, அந்த மாதிரி இருந்தது. தவறிப்போன அவள் விஷயத்தில் அடித்துக்கொள்ள அவர்களுக்கு இது ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. இசக்கி அவனைத் தள்ளி உட்காரச் சொல்லிப் படியில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில், பிள்ளையைப் பாக்கீங்களா என்று நர்சு கேட்டபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அந்த நர்சு கதவைத் திறந்துகொண்டு போனதும், வெளியே காலடிச் சத்தம் நின்றதும் மட்டும் நினைவிருக்கிறது.

“நீங்க பாத்தீங்களா அவள?”

கொம்பையா துண்டை இறக்கினான். “பாத்தேன்.”

“ஏன் சொல்லல?”

“நீ சொவரப் பாத்தே கெடந்த. எப்படிச் சொல்ல?” மூக்கை உறிஞ்சிக்கொண்டான். “தலைக்குத் துணி சுத்தித்தான் குடுத்தாங்க. நான் காலத்தான் பாத்தேன். காலு அப்படியே உன் காலு. பெருவிரலவிட ரெண்டாவது விரலு நீளம். இருந்திருந்தா கட்டிக்கப்போறவன அடக்கி ஆண்டிருப்பா.”

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று இசக்கியின் வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. சேலையைக் கொஞ்சம் ஒதுக்கித் தன் பாதத்தைப் பார்த்தாள். புழுதி படிந்த அந்த விரல், பக்கத்து விரலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு இருந்திருக்கும் பிள்ளையின் விரல், ஒரு நெல் அளவு?

“வேற?” என்று கேட்டாள்.

கொம்பையா கையிலிருந்த வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுச் சொல்லத் தொடங்கினான்.